பிளக்குக்கு வெச்ச சந்தனம்

ரமாபாயைப் பத்தி எவனாவது தப்பாப் பேசுனா எனக்குச் சுர்ருனு ஏறிடும். முன்னாடியே சொல்லிடறேன். என் பேரு சில்வியா. காசிமேட்டுல மீன் எடுத்து ராயபுரம், வண்ணாரப்பேட்டைன்னு தெருத்தெருவா விக்கிறவ. வாய் கொஞ்சம் நீளம்தான். மீன் விக்கிறவ வாயைத் தொறக்காம வித்தா, மீன் கருவாடா ஆவற வரைக்கும் குந்திகினு இருக்க வேண்டியதுதான். எங்க மீன் கூடையை மூஞ்சி சுளிக்காம ஏத்துற ஆட்டோ இந்தப் பக்கத்துலயே ஒண்ணுதான் கீது. அது ரமாபாய் வண்டி.

மத்தவனுங்க எங்களை தூரத்துல பாத்தாலே வண்டியை முறுக்கிகினு பூடுவானுங்க. கையைக் காட்டி நிறுத்துனா, "நாறும்மே, அப்பால சவாரி எவன் ஏறுவான்?"ன்னு கேப்பானுங்க. வூட்டுக்குப் போயி வஞ்சிரம் வறுத்து வெச்சா மட்டும் மூக்கு முட்டத் துன்னுவானுங்க, பேமானிங்க. ரமாபாய் அப்படியில்ல. பின்சீட்டு மேலயும் கீழயும் தடியா பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சு, ஓரத்தை மடிச்சு உட்டு, ஐஸ் தண்ணி சொட்டு எறங்காம கூடையை ஏத்திக்குவா. எறக்குனதும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, பினாயில் போட்டுக் கழுவுவா. அதுக்கப்புறம் ஏறுறவங்களுக்கு மீன் ஏறுன விசயமே தெரியாது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டுல பொறந்து வளந்தவ அவ. புருசன் செங்குட்டுவன் கன்டெய்னர் யார்டுல வேலை செய்யறாரு, தங்கமான மனுசன். ஆட்டோவுக்கு வர்றதுக்கு முன்னாடி ரமாபாய் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் அடிச்சுகினு இருந்தா. பிளக் பைத்தியம் அங்கதான் அவளைப் புடிச்சுது.

இன்னா பைத்தியம்னு கேக்கறியா? பெட்ரோல் போட்டுகினு போறவன் தெருமுனையிலயே வண்டி நின்னு, தள்ளிகினு திரும்பி வருவான். "கலப்படம் பண்றீங்களா, எடு என் காசை"ன்னு கத்துவான். திட்டு வாங்கறது யாரு? பெட்ரோல் அடிச்ச பொம்பளைதான். கொஞ்ச நாள் வாங்கிகினு இருந்தா. அப்பால ஒரு நாள், "அண்ணே, திட்டறது இருக்கட்டும், இஞ்சின்ல பொறி குடுக்கற பிளக்கைக் கழட்டிக் காட்டு"ன்னுட்டா. கழட்டிப் பாத்தா கரி அப்பிகினு அடுப்புக்கட்டி கணக்கா கீது. "இது பெட்ரோல் செஞ்ச வேலையா? நீ இதைத் தொடைச்சு எந்தக் காலம் ஆச்சு?"ன்னு கேட்டுகினே உப்புத்தாள்ல தேச்சு, முனையில இடைவெளி சரி பண்ணிக் குடுத்தா. வண்டி ஒரே உதையில கெளம்பிடுச்சு. திட்டுனவன் மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம பூட்டான்.

அதுலேர்ந்து பாரு, எந்த வண்டி இருமுனாலும் இவ கை பிளக்குக்குத்தான் போவும். கருப்பா இருந்தா இன்னா, வெள்ளையா வெந்து கெடந்தா இன்னா, முனை தேஞ்சா இன்னான்னு பாத்தே சொல்லிடுவா. தேஞ்சு போனதைத் தேச்சுத் தேச்சு ஓட்டற கருமிங்களைக் கண்டா அவளுக்கு ஆவாது. "உழுந்த பல்லு வெளக்குனா முளைக்குமா? புதுசு மாத்துண்ணே"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுருவா.

சொந்த ஆட்டோ எடுத்தா. ஓட்டறதுலயும் கில்லிதான். ஆனா ஸ்டாண்டு இல்ல. ஸ்டாண்டு இல்லாத வண்டி பாடு நாய் படாத பாடு. எங்க நிறுத்துனாலும், "இது எங்க ஏரியா, எடு"ம்பாங்க. ஸ்டேஷன் வாசல்ல ரயில் வந்து சனம் கொட்டும். கண்ணால பாத்துகினே சும்மா சுத்தணும். டிராஃபிக் போலீசு ஒரு பக்கம் வெரட்டும். சில நாள் பெட்டிக்கடை நெழல்ல வண்டியைப் போட்டுகினு அவ சோத்து டப்பாவைத் தொறக்கறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். ஒரு நாளு வாயில சோத்தை வெச்சுகினே வண்டியை நகத்துனா. அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல அந்தப் போலீசுக்காரரே ஒதுங்கிப் பூட்டாரு.

ராயபுரம் ஸ்டேஷன் வாசல் ஸ்டாண்டுக்குத் தலைவரு ஞானம். தலை முழுக்க நரைச்சு, நெத்தியில எப்பவும் குங்குமத்தோட இருப்பாரு. நேர்மையானவரு, ஆனா பிடிவாதம் சாஸ்தி. ரமாபாய் அவரு முன்னாடி போயி நின்னு, "நைனா, வரிசையில எனக்கும் ஒரு டர்ன் குடுங்க"ன்னு கேட்டா. அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள ஜெரின்னு ஒருத்தன் பூந்தான். வயசுப் பையன், வண்டிக்கு கலர் லைட்டு போடறதுல காட்டற அக்கறையை வேற எதுலயும் காட்ட மாட்டான்.

"மீன் வண்டிண்ணே அது. உப்புத் தண்ணி எறங்கி இஞ்சின் துருவேறிப் போயிருக்கும். நம்ம டர்ன்ல நின்னு நடுரோட்டுல படுத்துகிச்சுன்னா ஸ்டாண்டு மானம்தான் பூடும்"ன்னான்.

"உன் மானம் எந்தக் கடையில விக்குதுடா, சொல்லு, நானும் வாங்கறேன்"ன்னு நான் எகிறுனேன். ரமாபாய் என் கையைப் புடிச்சு அமுக்கிட்டா.

ஞானம் மோவாயைச் சொறிஞ்சாரு. அந்த ஸ்டாண்டுல ஒரு பழக்கம் கீது. ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியையும் கழுவி வரிசையா நிறுத்திப் படைப்பாங்க. மறுநாள் விஜயதசமி காலையில ஸ்டாண்டோட முதல் சவாரி ஒரு வண்டி போவும். அது இஞ்சின் நிக்காம போயிட்டு வந்தா அந்த வருசம் முழுக்க நல்ல சவாரின்னு நம்பிக்கை. எப்பவும் ஞானம் வண்டிதான் போவும்.

"இந்த வருசம் நீ போ. மீன் கூடையோடயே போ. வண்டி நிக்காம போயிட்டு வந்தா உனக்கு டர்ன் உண்டு, எவனும் பேசக்கூடாது. நின்னுடுச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. இன்னா சொல்ற?"ன்னாரு.

"சரி நைனா"ன்னுட்டா.

அவங்க வூட்டுல புத்தரு படம்தான், சாமி படம் கெடையாது. பூஜை புனஸ்காரம் எதுவும் செய்ய மாட்டாங்க. ஆனா ஸ்டாண்டே சேந்து செய்யறப்ப வெறும் கையை வீசிகினு போவ அவளுக்கு மனசு வரல. "நைனா, எனக்குப் படைக்கத் தெரியாது. அல்லாரு வண்டி பிளக்கையும் நான் கிளீன் பண்ணிக் குடுக்கறேன், அது என் பங்கு"ன்னா. ஆயுத பூஜை அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரு முக்காலி போட்டுக் குந்திகினு வண்டி வண்டியா கழட்டுனா. கம்பி பிரஷ், உப்புத்தாள், பழைய துணி. தேஞ்சதையெல்லாம் தூக்கிப்போடச் சொல்லி, ரெண்டு பேரைப் புதுசு வாங்கியார தொரத்துனா. ஜெரி வண்டி பிளக்கைப் பாத்துட்டு, "இன்னாடா, இதுல அடை சுட்டியா?"ன்னு கேட்டா. ஸ்டாண்டே சிரிச்சுது. அவனும் பல்லைக் காட்டுனான்.

சுத்தம் பண்ண பிளக்குங்க வெள்ளை வெளேர்னு வரிசையா கெடந்ததைப் பாத்து ஞானத்துக்கு ஒரே குஷி. "அடடா, ஆயுதம்னா இதாம்பா ஆயுதம்! இத்தினி வருசமா ஸ்பேனரையும் ஜாக்கியையும் வெச்சுப் படைச்சுகினு இருந்தோமே"ன்னு சொல்லி, வாழை எலையில அல்லாத்தையும் அடுக்கிட்டாரு. பன்னீர் ஊத்திக் கொழைச்ச சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு பிளக்கோட பீங்கான் மேலயும் பட்டையா தடவி, நடுவுல குங்குமம் வெச்சாரு. பக்தியா, பொறுமையா, ஒண்ணு உடாம. கற்பூரம் காட்டுனாங்க, பூசணிக்கா ஒடைச்சாங்க, நான் ஒரு மூலையில குந்திகினு பொரியும் சுண்டலும் துன்னுகினு இருந்தேன். சர்ச்சுக்குப் போற வேதக்காரியா இருந்தா இன்னா, சுண்டல் சுண்டல்தானே.

பிளக்கைத் திரும்ப மாட்டறப்ப ரமாபாய் துணியைக் கையில எடுத்தா. ஞானம் பதறிட்டாரு. "ஐயையோ, தொடைக்காதம்மே. படைச்ச பொருளு. அப்படியே மாட்டு, தானா உதிந்துடும்"ன்னாரு. அவ துணியைப் பாத்தா, அவரு மூஞ்சியைப் பாத்தா. சாமி கும்புடாதவ சந்தனத்தைத் தொடைச்சான்னு ஒரு பேச்சு வந்தா, டர்ன் போவறது இருக்கட்டும், அந்தப் பெரிய மனுசன் மனசு நோவும். துணியை மடிச்சு வெச்சுட்டு அப்படியே மாட்டிட்டா. அல்லாரு வண்டியும் டக்குனு ஸ்டார்ட் ஆச்சு. வானத்துல ஒரு மேகம் கெடையாது, நல்ல வெயிலு, சந்தனமும் காஞ்சு கெடந்துச்சு.

மறுநாள் விடியறப்பவே சிணுசிணுன்னு தூறல்.

அது புரட்டாசி மாசம். பாதி தெரு மீன் வாங்காது, பாய் வூட்டு ஆர்டருங்கதான் எங்க பொழப்பு. பழைய வண்ணாரப்பேட்டையில ஜன்னத் அக்கா பொண்ணுக்கு அன்னிக்கு நிச்சயதார்த்தம். அவங்களுக்கு வஞ்சிரமும் எறாலும் ரெண்டு கூடை. ஸ்டாண்டே நின்னு வேடிக்கை பாக்க, ரமாபாய் எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி நசுக்கி வண்டியை எடுத்தா. ஜெரி, "நின்னா போன் பண்ணு, கட்டி இழுக்க டோச்சன் கயிறு எடுத்துகினு வர்றோம்"ன்னு கத்துனான். நான் திரும்பி, சொல்லக்கூடாத வார்த்தை ஒண்ணு சொல்லிட்டு தலையை உள்ள இழுத்துகினேன்.

மழை புடிச்சுகிச்சு. ரோட்டுல குழிக்குக் குழி தண்ணி. சக்கரம் வாரியடிக்கற தண்ணியெல்லாம் பின்னாடி இஞ்சின் மேலதான் தெறிக்கும். பாலத்து ஏத்தத்துல ஏற ஆரம்பிச்சதும் வண்டி ஒரு தரம் விக்குச்சு. ரமாபாய் முதுகு அப்படியே நட்டுகினு நின்னுச்சு. திரும்ப விக்குச்சு. "வேணாம்டா கண்ணு, வேணாம்"ன்னு அவ வண்டிகிட்ட கெஞ்சுனது என் காதுல உழுந்துச்சு. பாதி ஏத்தத்துல புஸ்ஸுனு அடங்கிடுச்சு.

ரமாபாய் ஸ்டீரிங்கை இறுக்கிப் புடிச்சுகினு குந்திகினு இருந்தா. பின்னாடி லாரிக்காரன் ஹாரனை வெச்சு அழுத்துனான். "எறங்கி வந்து தள்ளேண்டா பெரிய மைனரு"ன்னு அவனைப் பாத்துக் கத்திட்டு நானே எறங்கி வண்டியைத் தள்ளி ஓரம் கட்டுனேன்.

"மீன் தண்ணியாடி?"ன்னு கேட்டேன். எனக்கு அந்தப் பயம்தான். என் கூடையால இவ பொழப்பு போச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுகினு வாழறது?

அவ பின்கதவைத் தூக்குனா. ஷீட்டு ஒழுங்கா இருந்துச்சு, மீன் தண்ணி சொட்டு எறங்கல. கேஸ்ல ஓடற வண்டியாச்சே, அந்த வால்வை மூடிட்டு பிளக்கைக் கழட்டி, ஒயரை மாட்டி, இஞ்சின் இரும்பு மேல சாய்ச்சு வெச்சா. "அக்கா, செல்ஃபை அழுத்து"ன்னா. நான் முன்னாடி போயி அழுத்துனேன். முனையில பொறி வரல. மேல ரப்பர் மூடிக்குள்ளேர்ந்து டிக்கு டிக்குனு சத்தம். மூடி ஓரத்துலேர்ந்து நீலமா ஒரு கோடு, ஈரச் சந்தனத்து மேலயே ஓடி இரும்புல எறங்குது.

"சந்தனம்க்கா"ன்னா. "காஞ்சிருந்த வரைக்கும் சும்மா இருந்துச்சு. நனைஞ்சதும் கரண்ட்டு அது வழியா எறங்கிப் போவுது. முனைக்கே போவல."

எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. என் தலையில சுமைக்குச் சுருட்டி வெச்சிருந்த துணியில உள் மடிப்பு காஞ்சிருந்துச்சு. அதைக் கிழிச்சுக் குடுத்தேன். பீங்கானையும் மூடி உள்பக்கத்தையும் அழுத்தித் தொடைச்சு மாட்டுனா. அழுத்துனதும் வண்டி பிடிச்சுகிச்சு. ஜன்னத் அக்கா வூட்டுல ஐஸ் உருகறதுக்குள்ள மீனை எறக்கிட்டோம். அந்தம்மா ரெண்டு பேருக்கும் சூடா டீயும் சேமியாவும் குடுத்தாங்க. ரமாபாய்க்கு எறங்கல.

திரும்பி வர்றப்ப நான் ஆரம்பிச்சேன். "இதோ பாரு, நின்னதை எவனும் பாக்கல. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். நீயும் கம்முனு இரு. நிக்காம போயிட்டு வந்தேன்னு சொல்லு, டர்னை வாங்கு. அவ்வளவுதான்."

"அல்லாரு வண்டியிலயும் அதே சந்தனம் கீதுக்கா"ன்னா.

"இருந்தா இன்னா? நிக்கட்டுமே. ஜெரி வண்டி நடுத்தண்ணியில நிக்கட்டும், நான் வந்து கை தட்டறேன்."

"கொழந்தை குட்டிங்களை ஏத்திகினு பாலத்துல நின்னா? பின்னாடி லாரி வந்தா?"

நான் வாயை மூடிகினேன். என் வாயை மூட வெக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

ஸ்டாண்டுக்கு வந்து பாத்தா ஒரே பேஜாரு. மழைச் சாரல்ல நின்ன வண்டிங்க ஒண்ணும் கெளம்பல. ஜெரி செல்ஃபை அழுத்தி அழுத்தி பேட்டரியைக் கொன்னுட்டு, ஸ்டார்ட்டர் கம்பியை இழுத்து இழுத்து மூச்சு வாங்கிகினு நின்னான். ஞானம் தன் வண்டி முன்னாடி கையைப் பிசைஞ்சுகினு இருந்தாரு. "படைச்ச மறுநாளே இப்படியாவுதே, இன்னா குத்தம் பண்ணோம்னு தெரியலையே"ன்னு பொலம்பறாரு. எங்க வண்டி உறுமிகினு வர்றதைப் பாத்ததும் அந்த மனுசன் மூஞ்சி மலர்ந்துச்சு.

"நிக்காம வந்துட்டியாம்மே?"ன்னாரு.

ஆமான்னு ஒரு வார்த்தை போதும். நான் அவ முதுகுல குத்துறேன், சொல்லுடின்னு. அவ எறங்கி அவரு முன்னாடி போயி நின்னா.

"இல்ல நைனா. பாலத்துல நின்னுடுச்சு."

அப்பால அவ ஒரே மூச்சுல சொல்லிட்டா, பிளக்கு, சந்தனம், ஈரம் அல்லாத்தையும். "நேத்தே தொடைச்சிருக்கணும். நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு உட்டுட்டேன். அவசரப்பட்டு எவரையும் ஏத்தாதீங்க, தொடைச்சா செரியாயிடும்"ன்னா.

ஞானம் மூஞ்சி செவந்துடுச்சு. "சந்தனத்தைக் குத்தம் சொல்றியா? என் கையால வெச்சது அது"ன்னாரு. அவ எதுத்துப் பேசல. அவரு வண்டி பிளக்கையே கழட்டி, ஒயரோட இஞ்சின் மேல வெச்சா. "நீங்களே அழுத்திப் பாருங்க நைனா"ன்னு சொல்லிட்டுத் தள்ளி நின்னா. ஜெரி குனிஞ்சு பாத்தான், ஞானம் அழுத்துனாரு. நீலக்கோடு சந்தனத்து மேல ஓடுச்சு. "அட ஆமாண்ணே"ன்னு ஜெரி வாயைப் பொளந்தான். அப்பால ஞானத்தைக் குனியச் சொல்லி அவன் அழுத்துனான். அவரும் பாத்தாரு. ரமாபாய் தொடைச்சு வெச்சா. முனையில பளிச்சுனு பொறி வந்துச்சு.

மழை அவரு தலையில சொட்டிகினு இருந்துச்சு. ஜெரிதான் மெதுவா பேச்சை இழுத்தான். "அதெல்லாம் செரிண்ணே. ஆனா வண்டி நின்னுடுச்சுன்னு அவங்களே ஒத்துகினாங்களே. பேச்சுன்னா பேச்சுதானே?"

"டேய் சோமாறி, உனக்கு நாக்குல எலும்பு கீதாடா?"ன்னு நான் கூடையைத் தூக்கிகினு பாஞ்சேன்.

"கம்முனு இரு சில்வியா"ன்னாரு ஞானம். வரிசையா செத்துக் கெடந்த வண்டிங்களை ஒரு தரம் பாத்தாரு. "பேச்சுன்னா பேச்சுதான். நின்ன வண்டிக்கு இங்க எடம் கெடையாது. அப்படின்னா மொதல்ல என் வண்டியைத் தள்ளு ஜெரி, வூட்டுல போயி போட்டுட்டு வந்துடலாம். அப்பால உன்னுதைத் தள்ளுவோம். அப்புறம் ஸ்டாண்டுல நிக்கப்போறது எந்த வண்டி, நீயே சொல்லு." ஜெரி தலையைக் குனிஞ்சுகினான். கீழ கெடந்த கம்பி பிரஷ்ஷை எடுத்து ரமாபாய் கையில குடுத்தான்.

அந்த நேரம் பாத்து ரயிலு வந்துச்சு. ஒரு அம்மா புதுச் சட்டை போட்ட கொழந்தையை முந்தானைக்குள்ள மறைச்சுகினு ஓடியாந்தாங்க. விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கணும், நேரமாவுதுன்னாங்க. ரமாபாய் ஒதுங்கி வழி விட்டா. பழகிப்போச்சு இல்ல, ஸ்டேஷன் சவாரின்னா ஒதுங்கித்தானே நிப்பா.

ஞானம் அந்தம்மாவைக் கையைக் காட்டி இட்டுகினு போயி ரமாபாய் வண்டிகிட்ட நிறுத்துனாரு. "இதுல ஏறுங்கம்மா. பயப்படாதீங்க, நம்ம ஸ்டாண்டு வண்டிதான்"ன்னாரு.

ரமாபாய் பிரஷ்ஷை வெச்சுகினு சிலை மாதிரி நிக்கறா. "நைனா, இன்னும் பிளக்குங்க கீதே"ன்னா.

"நாங்க தொடைச்சுக்கறோம். சவாரி காத்துகினு கீது, போம்மே"ன்னாரு.

அவ கையைப் பொடவையில தொடைச்சுகினு ஓடிப்போயி சீட்டுல ஏறுனா. எனக்கு அழுகை வந்துடுச்சு, மெய்யாலுமே. அத்தினி பேரு முன்னாடி, வெறுங்கூடையை இடுப்புல வெச்சுகினு, விக்கி விக்கி அழுதேன். ஜெரி என்னைப் பாத்துச் சிரிச்சான், அவனைக்கூட நான் திட்டல.